ஆயாவின் ரிப்போர்ட்டில் தட்டணு 38,000: மெஷின் எண்ணியது சரியா?

புதுவயல் வாசகி | நவம்பர் 9, இரவு 8.20

எங்க ஆயாவுக்கு (பாட்டி) 68 வயசு. காய்ச்சல் இல்லை. ரெண்டு மாசமா அசதி, மாடிப்படி ஏறினா மூச்சு வாங்குது. சி.பி.சி. (ரத்த அணுக்களை எண்ணும் சோதனை) எடுத்தோம். ரிப்போர்ட்டை அப்படியே எழுதுறேன்: ஹீமோகுளோபின் 9.4, சிவப்பணு 46 லட்சம், எம்.சி.வி. (சிவப்பணுவின் சராசரி அளவு) 68, வெள்ளையணு மொத்தம் 8,200. அதில் நூத்துக்கு நியூட்ரோபில் 52, லிம்போசைட் 29, இயோசினோபில் 14, மோனோசைட் 5, பேசோபில் 0. பிளேட்லெட் (தட்டணு) 38,000, பக்கத்தில் ஒரு நட்சத்திரக் குறி.

பிளேட்லெட் குறைஞ்சா டெங்குதான், பப்பாளி இலைச் சாறு கொடுன்னு வளவில் எல்லாரும் சொல்றாங்க. இயோசினோபில் 14ன்னா ஆஸ்துமாவாம். பள்ளிக்கூடத்தில் படிச்சது சிவப்பு ஆக்சிஜன் சுமக்கும், வெள்ளை சண்டை போடும், தட்டணு ரத்தத்தை உறைய வைக்கும், அவ்வளவுதான். இந்த எண்களை எப்படி வாசிக்கணும்?

காரைக்குடி லேப் | நவம்பர் 9, இரவு 9.05

முதலில் அந்த நட்சத்திரக் குறி. "இந்த எண்ணை நம்பாதே, ஸ்லைடைப் பார்" என்று மெஷின் சொல்வதுதான் அது. அதைப் பார்க்காமல் ரிப்போர்ட்டை வெளியே விட்டிருக்கக் கூடாது.

38,000 உண்மையாக இருக்குமா என்று எனக்குச் சந்தேகம். காய்ச்சல் இல்லை. தோலில் சிவப்புப் புள்ளி, ஈறில் ரத்தம் என்று நீங்கள் எதுவும் எழுதவில்லை. எம்.சி.வி. 68 என்பது இரும்புச் சத்துக் குறைவைக் காட்டுகிறது, அதில் தட்டணு பெரும்பாலும் கூடத்தான் செய்யும். இங்கே தலைகீழாக இருக்கிறது.

ஊதா மூடி டியூபில் இருக்கும் மருந்து இ.டி.டி.ஏ. ரத்தத்தில் உள்ள கால்சியத்தைப் பிடித்து வைத்துக்கொண்டு, உறையாமல் தடுக்கும். ஏறத்தாழ ஆயிரத்தில் ஒருவருக்கு, கால்சியம் போனதும் தட்டணுவின் மேல்புறத்தில் மறைந்திருந்த ஓர் இடம் வெளியே தெரிந்து, அதில் அவர்கள் உடம்பிலேயே இருக்கும் ஆன்டிபாடி போய் ஒட்டும். தட்டணுக்கள் ஒன்றோடொன்று கொத்துக் கொத்தாகச் சேர்ந்துவிடும். மெஷின் ஒரு சிறு துளை வழியாக ஒவ்வொரு அணுவாக இழுத்து, அது கடக்கும்போது வரும் மின்தடையின் அளவை வைத்து எண்ணுகிறது. வாலஸ் கூல்ட்டர் 1953இல் காப்புரிமை வாங்கிய முறை. இருபது தட்டணு சேர்ந்த கொத்து அந்தத் துளைக்கு ஒரே ஒரு பெரிய பொருள், தட்டணுக் கணக்கில் வராது. இது நடப்பது டியூபுக்குள். ஆயாவின் உடம்பில் தட்டணு சரியாகவே ஓடிக்கொண்டிருக்கும்.

நாளைக்குச் செய்ய வேண்டியது: ஒரே குத்தில் இரண்டு டியூப். முதலில் நீல மூடி (சோடியம் சிட்ரேட்), அடுத்து ஊதா. நீல மூடியில் கோடு வரை ரத்தம் நிரம்ப வேண்டும், 2.7 மில்லி ரத்தத்துக்கு 0.3 மில்லி சிட்ரேட். குலுக்கக் கூடாது, நீல மூடியை மூன்று நான்கு தடவையும் ஊதாவை எட்டுப் பத்துத் தடவையும் மெதுவாகக் கவிழ்த்து நிமிர்த்த வேண்டும். எடுத்த சூட்டோடு எண்ணச் சொல்லுங்கள். சிட்ரேட் கலந்து ரத்தம் நீர்த்திருப்பதால் வரும் எண்ணை 1.1ஆல் பெருக்க வேண்டும்.

காரைக்குடி லேப் | நவம்பர் 9, இரவு 9.30

விட்டுப்போனது: பாதி டியூப் ரத்தத்தோடு நிறுத்தினால் சிட்ரேட் விகிதம் கூடி, 1.1 என்ற கணக்கே தப்பாகும். ஊசி குத்தி நெடுநேரம் தேடி எடுத்த ரத்தத்தில் சிறு உறைகட்டி இருந்தாலும் தட்டணு குறைவாகவே வரும், எனவே எண்ணும் முன் ஒரு குச்சியால் டியூபில் உறைகட்டி தட்டுகிறதா என்று பார்க்க வேண்டும். டிரிப் போகும் கையில் எடுத்தால் எல்லா எண்ணும் சேர்ந்து இறங்கும்.

தேவகோட்டை பேத்தாலஜி | நவம்பர் 10, காலை 6.45

சிட்ரேட்டைக் கடைசிச் சொல்லாகக் கொள்ள வேண்டாம். சிலருக்கு அதிலும் கொத்து கட்டும். விரல் நுனியில் குத்தி, எந்த மருந்தும் படாத ரத்தத்தில் நேராக ஒரு ஸ்மியர் (ஸ்லைடில் மெல்லியதாக இழுத்த ரத்தப் படலம்) போட்டுப் பார்த்தால் சந்தேகம் தீரும். சிட்ரேட் டியூபிலிருந்து தட்டணு எண்ணை மட்டும் எடுங்கள், ஹீமோகுளோபினை அதில் பார்க்க வேண்டாம்.

இன்னொன்று. பெரிய கொத்தை மெஷின் சில சமயம் வெள்ளையணு என்று எண்ணிவிடும். அதனால் அந்த 8,200ஐயும் ஸ்லைடில் சரிபார்க்க வேண்டும். 40 லென்ஸில் பத்து இடம் பார்த்து, ஓர் இடத்துக்குச் சராசரி எத்தனை வெள்ளையணு என்று எண்ணி 2,000ஆல் பெருக்கினால் தோராய எண் வரும். நான்கு இருந்தால் 8,000 பக்கம்.

காரைக்குடி லேப் | நவம்பர் 10, காலை 7.30

ஒப்புக்கொள்கிறேன், ஸ்மியர்தான் தீர்ப்பு. பல இடங்களில் அவசரத்தில் கெடுப்பதும் அதைத்தான், ஆகவே விரிவாகவே எழுதுகிறேன்.

ஆத்தங்குடித் தரைக்கல்லைக் கண்ணாடி மேல் வார்க்கிறவர் அந்தக் கண்ணாடியைத் துடைத்து ஒளி பார்க்காமல் வண்ணத்தை ஊற்றமாட்டார். கண்ணாடியில் இருக்கிற அழுக்கு அப்படியே கல்லின் முகத்தில் விழும். ஸ்லைடும் அப்படியே. விரல் ரேகையின் எண்ணெய் பட்ட இடத்தில் ரத்தம் பிடிக்காமல் வட்ட வட்டமாக ஓட்டை விழும்.

ஸ்லைடின் ஓரத்திலிருந்து ஒரு செ.மீ. உள்ளே, இரண்டு மூன்று மி.மீ. அகலத்துக்கு ஒரு துளி. இன்னொரு ஸ்லைடின் விளிம்பை 30 முதல் 45 டிகிரி சாய்த்து, துளியின் முன்னால் வைத்துப் பின்னுக்கு இழுத்துத் தொட வேண்டும். ரத்தம் விளிம்பு முழுவதும் பரவியதும், அழுத்தாமல் ஒரே வீச்சில் முன்னே தள்ள வேண்டும். ஆயா மாதிரி சோகையுள்ளவர் ரத்தம் நீர்த்து ஓடும். சாய்வைக் கூட்டிச் சற்று வேகமாகத் தள்ளினால்தான் ஸ்மியர் நீளமாகிப் போகாது. ஸ்லைடின் முக்கால் நீளத்துக்குள் முடிந்து, நுனி நாக்கு மாதிரி மெலிய வேண்டும்.

லீஷ்மன் ஸ்டெயின் (அணுக்களுக்கு நிறம் ஏற்றும் சாயம்) எட்டுப் பத்துத் துளி ஊற்றி இரண்டு நிமிடம். அதிலுள்ள மெத்தனால் அணுக்களைக் கண்ணாடியோடு பிடித்து வைக்கும். பிறகு பி.எச். 6.8 உள்ள பஃபர் நீர் (புளிப்பு-கார அளவு மாறாத நீர்) இரண்டு மடங்கு, ஊதிக் கலந்து எட்டுப் பத்து நிமிடம். கழுவும்போது ஸ்லைடைச் சாய்த்து ஸ்டெயினைக் கொட்டக் கூடாது. தட்டையாக வைத்தபடியே தண்ணீர் விட்டு மிதக்கவைத்து வெளியேற்ற வேண்டும். கொட்டினால் மேலே படர்ந்த ஏடு ஸ்மியரில் ஒட்டிக் கறுப்புப் பொட்டாக நிற்கும், தெரியாதவர் அதைத் தட்டணு என்று எண்ணிவிடுவார்.

பஃபருக்குப் பதில் போர் தண்ணீரை ஊற்றுவது பெரிய தப்பு. காரத் தன்மையுள்ள தண்ணீரில் எல்லாமே நீலம் பாரிக்கும், இயோசினோபிலின் ஆரஞ்சு நிறம் மங்கும். புளிப்பு ஏறினால் மறுபக்கம்: எல்லாம் வெளிறிய சிவப்பு, உட்கருவே சரியாகத் தெரியாது. ஐப்பசி, கார்த்திகை மழையில் இன்னொரு தொல்லை உண்டு. மெத்தனால் காற்றின் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். அந்த ஸ்டெயினில் போட்டால் சிவப்பணுவின் நடுவில் பளபளக்கும் வளையம் விழும், பார்ப்பவர் அதை நோய் என்று எழுதிவிடுவார். ஸ்மியரை நன்றாக உலர்த்திவிட்டுத்தான் ஸ்டெயின் ஊற்ற வேண்டும், பாட்டில் மூடியைத் திறந்து போடக் கூடாது.

தட்டணுக் கொத்தைத் தேட நடுப்பகுதிக்குப் போகாதீர்கள். கனமான பொருள் தள்ளும்போது நுனிக்கும் இரு ஓரத்துக்கும் அடித்துச் செல்லப்படும். 10 லென்ஸை நாக்கு நுனியில் வைத்து ஓரமாக நகர்த்தினால், ஊதா மணல் அள்ளித் தெளித்த மாதிரி குவியல்கள் தெரியும். எண்ணெய் லென்ஸில் ஒவ்வொரு மணலும் இரண்டு மூன்று மைக்ரான் உள்ள, உட்கரு இல்லாத துண்டு.

புதுவயல் வாசகி | நவம்பர் 10, மதியம் 1.10

நாளைக்கு எடுக்கிறோம். சாறு கொடுக்கலை. தட்டணு ஒரு அணுவே இல்லையா, துண்டா? அப்ப அந்த இயோசினோபில் 14?

தேவகோட்டை பேத்தாலஜி | நவம்பர் 10, மதியம் 2.00

துண்டுதான். எலும்பு மஜ்ஜையில் மெகாகேரியோசைட் என்ற மிகப் பெரிய அணு இருக்கிறது. அதன் உடம்பிலிருந்து, கொழுக்கட்டை மாவைக் கிள்ளுவது போல, ஆயிரம் முதல் மூவாயிரம் தட்டணு கிள்ளி வரும். ஏழு முதல் பத்து நாள் வாழும். ரத்தக்குழாய் கிழிந்து சுவருக்குள் இருக்கும் கொலாஜன் என்ற புரதம் வெளியே தெரிந்தால் ஒட்டிக்கொள்வது, தன் பைகளில் உள்ளதைக் கொட்டி மற்ற தட்டணுக்களைக் கூப்பிடுவது, உறைதல் புரதங்கள் வேலைசெய்யத் தன் மேல்புறத்தை மேடையாகக் கொடுப்பது, இந்த மூன்றும் அதன் வேலை. சராசரியாக மூன்றில் ஒரு பங்கு எப்போதும் மண்ணீரலில் தங்கியிருக்கும். மண்ணீரல் வீங்கினால் அங்கே தேங்குவது கூடி, எண்ணிக்கை இறங்கும்.

டெங்கு பற்றி ஒரே வரி. அதில் தட்டணுவோடு சேர்த்து வெள்ளையணுவும் குறையும், பி.சி.வி. (ரத்தத்தில் சிவப்பணு அடைத்திருக்கும் பங்கு) 20 விழுக்காடு கூடினால் நீர் ரத்தக்குழாயை விட்டுக் கசிகிறது என்று பொருள். காய்ச்சல் விடும் நாளில்தான் ஆபத்து கூடுதல், தட்டணுவை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால் அது கண்ணில் படாது. ஆயாவுக்கு இதில் எதுவும் இல்லை.

காரைக்குடி லேப் | நவம்பர் 10, இரவு 10.15

வெள்ளையணு விழுக்காட்டைத் தனியாக வாசிக்காதீர்கள். மொத்தத்தோடு பெருக்குங்கள். 8,200இல் 14 விழுக்காடு என்றால் 1,148 இயோசினோபில். 500 வரை சாதாரணம், ஆகவே இது உண்மையாகவே கூடுதல். மொத்தம் 3,000 உள்ள ஒருவருக்கு அதே 14 என்றால் 420தான், கவலைப்பட ஒன்றுமில்லை. விழுக்காட்டை மட்டும் அச்சிட்டுத் தரும் ரிப்போர்ட் பாதி ரிப்போர்ட்.

இயோசினோபில் ஸ்லைடில் மிக அழகான அணு. இரண்டு மடலாகப் பிரிந்த உட்கரு, மூக்குக் கண்ணாடி போல. சுற்றிலும் ஒரே அளவில் ஆரஞ்சு மணிகள். பால் எர்லிக் 1879இல் சாயங்கள் ஏற்றிப் பார்த்தபோது இயோசின் சாயத்தை ஆசையாக உறிஞ்சியதால் வந்த பெயர். அந்த மணிக்குள் இருப்பது புழுவின் தோலை அரிக்கும் புரதம். விழுங்க முடியாத அளவு பெரிய எதிரிக்கு, மேலே ஒட்டிக்கொண்டு மணிகளைக் கொட்டும். அலர்ஜியில் அதே புரதம் நம் மூச்சுக்குழாயையும் புண்ணாக்கும். ஆக ஆஸ்துமா ஒரு காரணம், குடற்புழு இன்னொன்று, யானைக்கால் கிருமி இன்னொன்று. இரவில் இருமல், வீசிங், எண்ணிக்கை 3,000க்கு மேல் என்றால் யானைக்கால் கிருமி நுரையீரலைத் தொட்டதா என்று பார்க்க வேண்டும். அதற்குக் கொடுக்கும் டி.இ.சி. மருந்தை 1940களில் உருவாக்கிய குழுவை நடத்தியவர் எல்லாப்பிரகட சுப்பாராவ். பீமவரத்தில் பிறந்து சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்தவர். சிவப்பணு உருவாக வேண்டிய ஃபோலிக் அமிலத்தைச் செயற்கையாகச் செய்ததும் அவர் குழுதான். மாத்திரை அட்டையைப் பார்க்கும்போது அந்தப் பெயரும் நம் பிள்ளைகளுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

நியூட்ரோபில்: இரண்டு முதல் ஐந்து மடல் உட்கரு, பாக்டீரியாவுக்கு முதலில் ஓடும் ஆள். ரத்தத்தில் பத்து மணி நேரம்கூடத் தங்காது. மஜ்ஜை நாளொன்றுக்குப் பத்தாயிரம் கோடி அளவில் செய்து தள்ளுகிறது. ஏறத்தாழ பாதி குழாய்ச் சுவரில் ஒட்டி ஓய்ந்திருப்பதால், ஓடிவந்து உட்கார்ந்தாலோ ஸ்டீராய்டு போட்டாலோ அவை ரத்த ஓட்டத்தில் இறங்கி, கிருமி இல்லாமலே எண் ஏறும். உண்மையான கிருமித் தாக்கத்தில் மடல் பிரியாத இளசுகள் வெளியே வரும், மணிகள் தடித்துக் கறுக்கும். மெஷின் அதைச் சொல்லாது, கண்தான் சொல்லும்.

லிம்போசைட்டை லீஷ்மனில் பார்த்து பி, டி என்று பிரிக்கவே முடியாது. இரண்டும் ஒரே முகம். பி ஆன்டிபாடிக்கு, டி மற்ற அணுக்களை ஏவவும் கிருமி புகுந்த அணுவைக் கொல்லவும். மோனோசைட் இருப்பதில் பெரியது, திசுவுக்குள் போய் மேக்ரோஃபேஜ் என்ற விழுங்கும் அணுவாக மாறும். பேசோபில் 0 என்பதைப் பார்த்து யாரும் பயப்பட வேண்டாம். நூறு அணு எண்ணினால் ஒன்றுகூடக் கிடைக்காமல் போவது வழக்கம்.

காரைக்குடி லேப் | நவம்பர் 11, காலை 6.10

என் முதல் குறிப்பைத் திருத்துகிறேன். இரும்பு குறைந்தால் தட்டணு கூடும் என்றதைச் சட்டமாக எடுக்க வேண்டாம். மிகக் கடுமையான குறைவில் இறங்குவதும் உண்டு. 9.4 அளவில் 38,000க்கு அது காரணமாக இருக்காது.

புதுவயல் வாசகி | நவம்பர் 11, மாலை 6.40

நீல மூடியில் 1,92,000 வந்தது. ஊதாவில் மறுபடி 41,000. ஸ்லைடில் "நுனியில் தட்டணுக் கொத்துகள், சிவப்பணு சிறுத்து வெளிறி, பென்சில் வடிவ அணுக்கள் சில"ன்னு எழுதியிருக்காங்க. பெரிய பாரம் இறங்கிச்சு. ஆயா இதய டாக்டர் சொல்லி ஆஸ்பிரின் 75 நாலு வருஷமாப் போடுறாங்க, கால்சியம் மாத்திரையும் உண்டு. தோட்டத்தில் செருப்பு போடமாட்டாங்க. சுவரொட்டி (ஆட்டு மண்ணீரல்) வாங்கிக் கொடுத்தாப் போதும்னு அயித்தை சொல்றாங்க.

காரைக்குடி லேப் | நவம்பர் 11, இரவு 8.00

1,92,000 × 1.1 = 2,11,200. தட்டணுக் கதை முடிந்தது.

இனிச் சிவப்பணு. எம்.சி.வி.யை மில்லியனில் உள்ள சிவப்பணு எண்ணால் வகுங்கள்: 68 ÷ 4.6 = 14.8. 13க்கு மேல் என்றால் இரும்புக் குறைவின் பக்கம், கீழே என்றால் தலசீமியா என்ற பரம்பரைச் சோகையின் பக்கம். இது திசை காட்டத்தான், ஃபெரிட்டின் (உடம்பின் இரும்பு இருப்பைக் காட்டும் சோதனை) பார்த்து உறுதி செய்ய வேண்டும். ஸ்லைடில் சிவப்பணுவை அளக்கக் கையோடு ஓர் அளவுகோல் உண்டு: சிறு லிம்போசைட்டின் உட்கரு. சாதாரணச் சிவப்பணு அதே அளவு, ஏழெட்டு மைக்ரான். இரு பக்கமும் குழிந்த தட்டு, நடுவில் மூன்றில் ஒரு பங்கு வெளிறும். இரும்பு குறைந்தால் வெளிறல் விரிந்து, ஓரத்தில் ஒரு வளையம்தான் மிஞ்சும்.

சுவரொட்டி வெறும் நம்பிக்கை அல்ல, அதன் பின்னால் உடலியங்கியல் இருக்கிறது. சிவப்பணு 120 நாள் ஓடும். உட்கரு இல்லாததால் தன்னைப் பழுது பார்த்துக்கொள்ள முடியாது, விறைத்துப் போகும். மண்ணீரலின் இண்டு இடுக்குகளில் நுழைய முடியாத கிழட்டு அணுவை மேக்ரோஃபேஜ் விழுங்கி, இரும்பைப் பிரித்து மஜ்ஜைக்குத் திருப்பி அனுப்பும். நாளொன்றுக்கு 20 முதல் 25 மி.கி. இரும்பு இப்படிச் சுழல்கிறது, சாப்பாட்டிலிருந்து ஏறுவது ஒன்றிரண்டு மி.கி.தான். ஆட்டு மண்ணீரலில் இரும்பு சேர்ந்திருப்பதும் அதனால்தான், அதிலும் ஹீம் வகை (இறைச்சியில் உள்ள இரும்பு) எளிதில் ஏறும். முருங்கைக் கீரை இரும்பு அப்படி ஏறாது, எலுமிச்சை பிழிந்தால் கொஞ்சம் கூடும். சுவரொட்டியை நன்றாக வேகவைத்துக் கொடுங்கள். ஆனால் தீர்ந்துபோன இருப்பை உணவால் மட்டும் நிரப்ப முடியாது.

தேவகோட்டை பேத்தாலஜி | நவம்பர் 11, இரவு 9.20

முக்கியமான கேள்வியை இன்னும் யாரும் கேட்கவில்லை. மாதவிடாய் நின்ற 68 வயதுக்காரருக்கு இரும்பு எங்கே போகிறது? எங்கோ ரத்தம் கசிகிறது. அதைத் தேடாமல் மாத்திரை மட்டும் கொடுப்பது தப்பு.

இரண்டு இடத்தில் தேட வேண்டும். ஒன்று ஆஸ்பிரின். தட்டணுவுக்கு உட்கரு இல்லை, ஆஸ்பிரின் முடக்கிய நொதியைப் புதிதாகச் செய்ய வழியில்லை, அதனால் அந்தத் தட்டணு சாகும்வரை முடங்கியதுதான். எண்ணிக்கை 2,11,000 இருந்தும் வேலை குறைவு, இரைப்பையில் புண் இருந்தால் கசியும். நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், இதயத்துக்குத் தேவைப்பட்டுத்தான் கொடுத்திருக்கிறார்கள். டாக்டரிடம் கேளுங்கள்.

இரண்டு கொக்கிப்புழு. வெறுங்காலில் மண் வழியாகத் தோலைத் துளைத்து ஏறும். அங்கேதான் இயோசினோபில் 1,148ம் சோகையும் ஒரே கயிற்றில் சேர்கின்றன. கொக்கிப்புழுவில் இரண்டு வகை: ஒரு நெக்கேட்டர் புழு நாளொன்றுக்கு 0.03 மில்லி, அன்சைலோஸ்டோமா 0.15 மில்லி அளவில் ரத்தம் குடிக்கும். நூறு நெக்கேட்டர் என்றால் 3 மில்லி. ஆரோக்கியமான ரத்தத்தில் மில்லிக்கு அரை மி.கி. இரும்பு, ஆக 1.5 மி.கி. சாப்பாட்டில் ஏறுவது அத்தனையும் அதற்கே சரியாகப் போகும்.

மலச் சோதனையில் மறை ரத்தமும் (கண்ணுக்குத் தெரியாத ரத்தக் கசிவு) புழு முட்டையும் பார்க்கச் சொல்லுங்கள். மாதிரியைக் காலையில் எடுத்து உடனே கொடுங்கள். வெயிலில் நாள் முழுக்கக் கிடந்தால் முட்டை பொரிந்து லார்வாவாகிவிடும், அதை ஸ்ட்ராங்கிலாய்டஸ் என்ற வேறொரு குடற்புழு என்று எழுதிவிட வாய்ப்பு உண்டு. அந்தப் பெயரைச் சும்மா சொல்லவில்லை: இயோசினோபில் கூடியவருக்கு ஸ்டீராய்டு தொடங்கும் முன் ஸ்ட்ராங்கிலாய்டஸ் இல்லை என்று தெரிந்துகொள்ள வேண்டும். இருந்தால் ஸ்டீராய்டில் பெருகி உயிருக்கே ஆபத்தாகும்.

புதுவயல் வாசகி | நவம்பர் 14, இரவு 7.50

கொக்கிப்புழு முட்டை இருக்கு. மறை ரத்தம் பாசிட்டிவ். ஃபெரிட்டின் 7. அல்பெண்டசோல் 400 ஒரு வேளை, இரும்பு மாத்திரை கொடுத்திருக்காங்க. எண்டோஸ்கோப்பியும் (குழாய் விட்டு உள்ளே பார்க்கிறது) எழுதியிருக்காங்க. புழு கிடைச்சாச்சே, அது வேணுமா?

தேவகோட்டை பேத்தாலஜி | நவம்பர் 14, இரவு 8.30

வேண்டும். புழு கிடைத்ததால் ஆஸ்பிரின் புண்ணோ கட்டியோ இல்லை என்று ஆகாது. இந்த வயதில் இரண்டும் சேர்ந்தே இருக்கலாம். தள்ளிப்போடாதீர்கள்.

காரைக்குடி லேப் | நவம்பர் 14, இரவு 9.45

மாத்திரையைக் காபி, டீக்கு முன்னாலும் பின்னாலும் ஒரு மணி நேரம் விட்டுக் கொடுங்கள். கால்சியத்தை வேறு வேளைக்கு மாற்றுங்கள், இரண்டும் சேர்ந்தால் இரும்பு ஏறாது. மலம் கறுப்பாகப் போகும், அது மாத்திரையின் நிறம். ஆனால் தார் மாதிரி ஒட்டிக்கொண்டு நாற்றமடித்தால் உடனே காட்டுங்கள். வயிறு எரிந்தால் ஒருநாள் விட்டு ஒருநாள் கொடுக்கலாமா என்று டாக்டரைக் கேளுங்கள். ஒரு வேளை இரும்பு போனதும் ஈரலில் ஹெப்சிடின் என்ற ஹார்மோன் சுரந்து, மறுநாள் குடல் கதவைச் சற்றுச் சாத்திவிடும். இடைவெளி விட்டால் ஒவ்வொரு மாத்திரையிலிருந்தும் ஏறும் விகிதம் கூடுகிறது.

ஏழு முதல் பத்தாம் நாளில் ரெட்டிகுலோசைட் எண்ணச் சொல்லுங்கள். மஜ்ஜையிலிருந்து அப்போதுதான் இறங்கிய இளஞ்சிவப்பணு அது, ஹீமோகுளோபினுக்கு முன்னால் அதுதான் ஏறும். மூன்று நான்கு வாரத்தில் ஹீமோகுளோபின் 2 கிராம் அளவுக்கு ஏற வேண்டும். ஏறவில்லை என்றால் மாத்திரை சேரவில்லை, அல்லது கசிவு நிற்கவில்லை. சரியான அளவு வந்த பிறகும் மூன்று மாதம் தொடர வேண்டும், இருப்பு நிரம்புவது கடைசியில்தான்.

இடையில் எடுக்கும் ரிப்போர்ட்டில் ஆர்.டி.டபிள்யூ. (சிவப்பணு அளவுகளின் ஏற்றத்தாழ்வு) ஏறியிருக்கும். ஸ்லைடில் வெளிறிய சிறு அணுவும் நிறைந்த புது அணுவும் கலந்து கிடக்கும். அது நல்ல அறிகுறி. பழையவை தம் 120 நாளை ஓடி முடிக்கும்வரை அப்படித்தான் இருக்கும்.

காரைக்குடி லேப் | நவம்பர் 15, காலை 6.20

ஆயாவின் ஃபைல் அட்டையிலேயே பெரிய எழுத்தில் எழுதி ஒட்டுங்கள்: "இ.டி.டி.ஏ.வில் தட்டணு ஒட்டும். தட்டணுவுக்கு நீல மூடியிலும் எடுக்கவும்." எண்டோஸ்கோப்பிக்கு முன் மறுபடி சி.பி.சி. எடுப்பார்கள். அந்த வரி இல்லாவிட்டால் 40,000 என்று பார்த்துப் பரிசோதனையைத் தள்ளிவைப்பார்கள், அல்லது தேவையே இல்லாமல் தட்டணு ஏற்றுவார்கள்.